ஐவரின் பத்தினியும் பரவையின் கதவும்

பனமலையில் சிவன் அழிந்துவிட்டார். உமை மட்டும் மிஞ்சியிருக்கிறாள். செஞ்சி வட்டாரத்தில், பெரிய ஏரியை ஒட்டிய சின்னக் குன்றின்மேல் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. காஞ்சியில் கைலாசநாதரைக் கட்டியவனும் அவன்தான். இங்கே வடபுறத்துச் சிறு சன்னதியின் சுவரில் ஓர் ஓவியம். தலையில் உயர்ந்த மகுடம், மேலே குடை, ஒரு காலை மடக்கிச் சுவரில் சாய்ந்து நிற்கும் தேவி. அவள் பார்த்துக்கொண்டிருந்த நடனம் காரை உதிர்ந்து கோடுகளாகிவிட்டது. ஆடியவரைக் காணோம், பார்த்தவள் இருக்கிறாள்.

அந்தப் பார்வையில் பணிவு இல்லை. கணவன் ஆடட்டும், பார்ப்போம் என்கிற சாவகாசம்தான் தெரிகிறது. அந்தக் கணவரின் சடையிலோ இன்னொருத்தி, கங்கை. முருகனுக்கும் இருவர்: வள்ளி காட்டில் களவில் கிடைத்தவள், தெய்வானை பெரியவர்கள் பார்த்துக் கட்டிவைத்தவள். பெருமாளின் இருபுறமும் ஸ்ரீதேவி, பூதேவி. இராமன் ஒருவன்தான் ஏகபத்தினி விரதன். உற்சவத்தில் வள்ளி தெய்வானையோடு முருகனைத் தோளில் சுமந்துவிட்டு வீட்டுக்கு வந்து, மகளிடம் ஒருவனுக்கு ஒருத்தி என்று பாடம் சொல்லத் தமிழருக்கு நா கூசியதில்லை. சாமிக்கு ஒரு சட்டம், ஆசாமிக்கு ஒரு சட்டம் என்று சொல்லித் தப்பிவிடலாம்.

செஞ்சிக்காரர்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அவர்கள் கொண்டாடும் பத்தினித் தெய்வத்துக்குக் கணவர்கள் ஐந்து பேர்.

செஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள மேலச்சேரியைப் பழைய செஞ்சி என்பார்கள். வட தமிழகம் முழுக்கப் பரவிய திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கு ஆதிபீடம் அங்குள்ள கோயில்தான் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்ட்பைடல் இந்த வழிபாட்டைப் பற்றி எழுதிய நூலின் முதல் தொகுதிக்குச் செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்றே துணைத் தலைப்பு வைத்தார். அது 1988இல் வெளிவந்தது. ஊர்க்கதை இப்படிப் போகிறது: பாண்டவர் வழிவந்த சுனீதன் செஞ்சியை ஆள்கிறான். நூறு தலை அசுரன் ஒருவன் அவனை வதைக்கிறான். வேள்வித் தீயிலிருந்து திரௌபதி இரண்டாம் முறை பிறந்து வந்து அசுரனை அழிக்கிறாள். அந்த நூறாவது தலையைக் கீழே விழாமல் ஏந்தி நிற்பவர் போத்துராஜா. கோயில் காவலில் முத்தால ராவுத்தர் என்ற முஸ்லிம் வீரரும் உண்டு. இந்த இரண்டாம் பிறவியில் அவளுக்குக் கல்யாணமே இல்லை. ஐவரின் மனைவி, ஆனால் கன்னி. கன்னி, ஆனால் பத்தினி. தர்க்கம் படித்தவருக்குத் தலை சுற்றும். காப்புக் கட்டிக்கொண்டு தீமிதிக்கு வரிசையில் நிற்பவருக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை.

ஐந்து பேருக்கு மனைவியானது அவள் கேட்டு வந்ததல்ல. கொண்டுவந்ததைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று குந்தி முகம் பார்க்காமல் சொன்னாள்; சொன்ன சொல் பொய்க்கக் கூடாதாம். பிறகு வியாசர் வந்து முற்பிறவிக் கணக்கை எடுத்துக் காட்டி மணமகளின் தந்தையைச் சமாதானப்படுத்துகிறார். தாய், மாமுனி, தந்தை, ஐந்து ஆண்கள் என்று எல்லோர் வாயும் பேசுகிறது. மாலையோடு நிற்பவளின் சம்மதத்தை யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை. ஓராண்டுக்கு ஒருவர் என்று முறை வைக்கிறார்கள். ஆண்டு முடிவில் அவள் தீயில் மூழ்கி எழுந்து மறுபடி கன்னியாவாள் என்பது தமிழ் மரபு. ஒருவரோடு இருக்கும்போது மற்றவர் எட்டிப்பார்த்தால் தீர்த்த யாத்திரை போக வேண்டும் என்பது தண்டனை. அர்ச்சுனன் போனான். போன இடத்தில் உலூபி, சித்திராங்கதை, சுபத்திரை என்று மூன்று கல்யாணம். தண்டனைக் காலத்தை இப்படிக் கழித்த வேறு கைதி புராணத்தில் உண்டா தெரியவில்லை. தீயில் இறங்கியவள் அவள் மட்டுமே. அர்ச்சுனனை எந்தத் தீயும் கேட்கவில்லை.

அந்த உலூபியின் மகன்தான் அரவான். பலிக்குப் போகும் முன் ஓரிரவாவது கல்யாணம் வேண்டுமென்று அவன் கேட்க, கண்ணன் மோகினியாகி மணந்தான். கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுப்பது அந்தக் கல்யாணத்தை நினைத்துத்தான். செஞ்சியிலிருந்து கூவாகம் வரைக்குமான இந்த ஒரே நிலத்தில், ஐந்து கணவரும் ஓரிரவுக் கணவனும் கோயில் கொண்டிருக்கிறார்கள்.

வில்லிபுத்தூராரின் பாரதத்தில் பழம்பொருந்து சருக்கம் என்று ஒரு பகுதி உண்டு. வனவாசத்தில் திரௌபதி ஆசைப்பட்டாள் என்று அர்ச்சுனன் ஒரு நெல்லிக்கனியை அம்பெய்து வீழ்த்துகிறான். அது ஒரு முனிவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் கனி. சாபத்துக்கு அஞ்சிக் கண்ணனை அழைக்கிறார்கள். ஆளுக்கு ஒரு மெய், மனத்தில் இருப்பதை ஒளிக்காமல் சொன்னால் கனி மீண்டும் கிளையில் ஒட்டும் என்கிறான் அவன். ஐவரும் சொல்கிறார்கள். கடைசியாகத் திரௌபதி. ஐந்து பேர் கணவராக இருந்தும் இன்னொருவனுக்காகத் தன் உள்ளம் உருகுவதாக அவள் ஒப்புக்கொள்கிறாள், ஐவரின் முன்னிலையில். கனி கிளையில் போய்ப் பொருந்துகிறது.

அந்த இன்னொருவன் கர்ணன் என்று வாய்மொழிக் கதைகள் பெயர் வைத்துவிட்டன. வில்லியாரோ அவள் வாயில் பெண் குலத்துக்கே ஒரு பழியையும் ஏற்றிவிடுகிறார். ஆண்கள் கிடைக்காத வரைதான் பெண்கள் கற்புடையவர்கள் என்கிற பழைய ஆண்பிள்ளைப் புலம்பல் அது, கவிஞரின் காலத்துக் கசடு. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது வியப்பானது. கனிக்கு வேண்டியிருந்தது மெய். மனத்தால் வழுவியவள் என்று சொல்லி அது தரையிலேயே கிடந்திருக்கலாம், கிடக்கவில்லை. கேட்ட கணவர்கள் அவளைத் தள்ளிவைக்கவும் இல்லை. இந்தக் காப்பியத்தைத்தான் பாரதம் படிப்பவர் கோயில் திடலில் பகலெல்லாம் ராகம் போட்டு வாசித்து விளக்குகிறார். இரவில் அதே கதை கூத்தாகிறது. வெற்றிலை மென்றுகொண்டு கேட்கும் மாமியார்கள், பக்கத்தில் மருமகள்கள். ஆசை எழுவதே குற்றமா, மறைப்பது குற்றமா என்று இன்றைய காதலர்கள் இரவு முழுக்க அலைபேசியில் அடித்துக்கொள்ளும் கேள்வி இந்தத் திடல்களில் பல தலைமுறையாகப் புழங்கிவருகிறது.

இன்னொரு கேள்வியும் அதே திடலில் எழும், துகிலுரிதல் நடக்கும் இரவில். சூதில் தன்னையே தோற்ற பிறகு என்னை வைத்து ஆடத் தர்மருக்கு என்ன உரிமை என்று அவள் சபையைக் கேட்கிறாள். பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்று நழுவுகிறார். இங்கே பிரச்சினை கணவர் ஒருவரா ஐவரா என்பதே இல்லை. மனைவி யாருடைய உடைமை என்பது பிரச்சினை. பல ஊர்களில் இவள் கோயிலுக்குப் பெயர் தர்மராஜா கோயில் என்பதைச் சும்மா குறித்துவைக்கலாம்: தோற்றவர் பெயர் பலகையில், கேட்டவள் கருவறையில்.

செஞ்சி ஒரு காலத்தில் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்துக்காரர்தான் திருநாவலூர்ச் சுந்தரர். தமிழ்ச் சைவத்தின் பெரிய காதல் வழக்கு அவருடையது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் அதை விரிவாக எழுதியிருக்கிறார். புத்தூரில் மணப்பந்தலில் உட்கார்ந்திருந்தவரைக் கிழவர் வேடத்தில் சிவன் வந்து, நீ என் அடிமை, இதோ ஓலை என்று திருவெண்ணெய்நல்லூருக்கு இழுத்துப் போகிறார். கதையின் வெளிச்சமும் அவரோடு போய்விடுகிறது. பந்தலில் விட்டுப் போன சடங்கவியார் மகள், அவரையே நினைத்திருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று முடித்துவிடுகிறார்கள். அவளை யார் விடுவித்தார்கள்?

சுந்தரருக்கோ திருவாரூரில் பரவையார் கிடைக்கிறார். பிறகு திருவொற்றியூரில் சங்கிலியார். இந்தச் சங்கிலியார் கல்யாணமே வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லி, கன்னிமாடத்தில் தங்கி இறைவனுக்குப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தவர். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே: உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்து தர வேண்டும். சுந்தரர் நண்பரான சிவனிடம் போய், நான் கருவறையில் சத்தியம் செய்யும்போது நீங்கள் மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று ஏற்பாடு செய்கிறார். கடவுளைச் சாட்சிக் கூண்டிலிருந்து நகர்த்தப் பார்த்த சாமர்த்தியம். சிவன் சரி என்று சொல்லிவிட்டு, சங்கிலியாரின் கனவில் போய், மகிழடியில் சத்தியம் கேள் என்கிறார். இன்றும் ஒற்றியூர் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது.

சத்தியம் செய்தார், வசந்தம் வந்ததும் ஆரூர் நினைவு வந்தது, கிளம்பினார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் போயின. இரண்டாவது மனைவி கட்டியபோது கண் போகவில்லை. கொடுத்த வாக்கை மீறியபோது போயிற்று. அந்தக் காலத்து ஆண்களுக்கு எத்தனை மனைவி என்ற வரம்பு இல்லை என்பதால் சைவம் அதைக் கண்டுகொள்ளவில்லை என்று வாதிக்கலாம், உண்மைதான். ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் ஒரு கண்ணும் பெற்று வந்தால், பரவையார் கதவை அடைத்துவிட்டார். சங்கிலி செய்தி அவருக்கு எட்டியிருந்தது. தூது போனவர்கள் தோற்றுத் திரும்பினார்கள். நள்ளிரவில் சிவனே அர்ச்சகர் வேடத்தில் வீதியில் நடந்து போய்க் கேட்கிறார். முடியாது என்கிறார் பரவையார். இரண்டாம் முறை தம் சொந்த வடிவில் போன பிறகுதான் கதவு திறக்கிறது. ஒரு பெண்ணிடம் சமாதானம் பேச ஆண்டவனைக் காவடி தூக்க வைத்தானே என்று சிவனடியாரான ஏயர்கோன் கலிக்காமர் கொதித்துப்போனது வேறு கதை. அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் பெண் அடைத்த கதவைக் கடவுளும் வெளியில் நின்றுதான் தட்ட வேண்டும் என்று எழுதிவைத்த சேக்கிழாருக்கு ஒரு வணக்கம் போடலாம். சங்கிலியார் ஒற்றியூரில் என்ன ஆனார் என்பதைப் பற்றிக் கதைக்கு அக்கறை குறைவு. சத்தியம் வாங்கியவருக்குப் புருஷன் திரும்பவில்லை, கதவடைத்தவருக்குத் திரும்பினான்.

கதவே இல்லாத வீடும் செஞ்சியில் உண்டு. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு போரிட்டு ராஜா தேசிங்கு இளம் வயதில் மாண்டான். அவன் ராணி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் என்பார்கள். பகைவனே ஊர் எழுப்பிப் போற்றிய பத்தினி. கணவன் செத்த பிறகும் முடியாத ஒருவனுக்கு ஒருத்தி அது. ஒருத்திக்காகத் தீயேறிய ராஜா யார் பெயரிலாவது ஒரு பேட்டை இருக்கிறதா?

இந்த ஒருபக்கச் சாய்வைப் போட்டு உடைத்தவர் பெரியார். கற்பு என்றால் இருவருக்கும், இல்லையென்றால் ஒருவருக்கும் வேண்டாம் என்பது அவர் வாதத்தின் சாரம். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கற்புக்கு அடுத்து, காதல் என்பதையும் விட்டுவைக்காமல், ஒருமுறை வந்தால் மாறவே கூடாத தெய்வீகப் பொருளா அது என்று குடைகிறார். கல்யாண விடுதலைக்கு அதே நூலில் தனிக் கட்டுரை.

பிறகு சட்டம் வந்தது. சென்னை மாகாணம் 1949இல் இந்துக்களுக்கு இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே இரண்டு காரியம் சேர்ந்திருந்தன: இருதார மணத் தடை, மணமுறிவு. ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கட்டாதே. சேர்ந்து வாழ முடியாவிட்டால் பிரிந்து போக வழி இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே ஏட்டில் வைத்தது வெறும் சட்டமன்றச் சிக்கனமல்ல. வெளியேற வழியில்லாத ஒருதார மணம் சிறை. வழி மட்டும் இருந்து, ஆண் மூன்று பேரைக் கட்டலாம் என்றால் அது அவனுக்கு வசதி, அவளுக்குத் தெரு. ஆணின் சுதந்திரத்தை வெட்டித்தான் பெண்ணுக்கு முதல் சுதந்திரம் கிடைத்தது. இந்த வெட்டு வலித்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். மத சுதந்திரம் பறிபோகிறது, ஆண் வாரிசு இல்லாவிட்டால் மோட்சம் இல்லை என்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் ஸ்ரீனிவாச ஐயர் வழக்கில் அதை ஏற்கவில்லை. பம்பாயில் 1951இல் இதே மாதிரி வழக்கில், மகன் வேண்டுமென்றால் தத்தெடுக்கலாமே என்று நீதிபதிகள் கேட்டார்கள். 1955இன் இந்துத் திருமணச் சட்டம் நாடு முழுவதற்கும் அதை ஆக்கியது. சட்டம் வந்ததும் வழக்கம் ஒழிந்ததா? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கணவனுக்கு வேறு மனைவியும் உண்டு என்று சொன்ன பெண்கள் முஸ்லிம்களில் 1.9 சதவீதம், பலதார மணம் குற்றமான இந்துக்களில் 1.3 சதவீதம். மேடைகளில் இந்த விஷயம் பேசப்படும் சத்தத்துக்கும் அந்த வித்தியாசத்துக்கும் பொருத்தமே இல்லை.

ஒருதாரம் விலங்கு, பலரோடு உறவுதான் விடுதலை என்று சொல்வோருக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. நீலகிரித் தோடர்களிடம் அண்ணன் தம்பிகள் ஒரே மனைவியோடு வாழும் வழக்கம் இருந்தது. 1906இல் வெளியான மானிடவியலாளர் ரிவர்ஸின் நூல் அதை விரிவாகப் பதிவு செய்கிறது. குழந்தைக்குத் தகப்பன் யார் என்பதைக் கருவுற்றவளிடம் வில்லும் அம்பும் தரும் சடங்கு தீர்மானித்தது. பெற்றவன் யார் என்று யாரும் துருவவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்களுக்கு இரண்டு மூன்று வயதிலேயே நிச்சயம் முடிந்துவிடும் என்றும் அதே நூல் சொல்கிறது. இலங்கையில் கண்டிப் பகுதியில் சகோதரர்கள் ஒருத்தியோடு குடும்பம் நடத்தியது பெரும்பாலும் வயலைத் துண்டாக்காமல் இருக்க. பிரிட்டிஷார் 1859இல் அதைச் சட்டவிரோதமாக்கினார்கள். இரண்டிலும் கணவர் எண்ணிக்கை கூடியது. முடிவு எடுத்தது குந்தி மாதிரி வேறு யாரோ.

திரௌபதி சபையில் கேட்டதற்குப் பதில் வர 2018 ஆயிற்று. அந்த ஆண்டு செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை நீக்கியது. 1860இல் எழுதிய அந்தப் பிரிவுப்படி, பிறன் மனைவியோடு உறவு கொண்டவனுக்கு ஐந்தாண்டு வரை சிறை. ஆனால் கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை! தர்மபுத்திரர் பகடையில் வைத்தது எந்த உரிமையில் என்ற கேள்விக்கு ஆங்கிலேயச் சட்டம் கணவனின் உரிமைதான் என்று 158 ஆண்டு சொல்லிக்கொண்டிருந்தது. இப்போதும் துணைக்குத் துரோகம் செய்வது மணமுறிவுக்குக் காரணம்தான், சிறைக்குக் காரணமல்ல. அதற்கு முன்பே, 2005இல் திருமணத்துக்கு முந்தைய உறவைப் பற்றிப் பேசிய நடிகை குஷ்புவின்மேல் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் போடப்பட்டு, 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் தள்ளியது. கற்பு கெட்டுவிட்டதாகக் கொதித்து ஊர்வலம் போன வட தமிழகத்தில், பழம்பொருந்து சருக்கத்தை யாரும் தடை செய்யச் சொன்னதில்லை.

சென்னையிலும் பெங்களூரிலும் இளைஞர்கள் இப்போது திறந்த உறவு, பலர்மீது காதல் என்று பேசுகிறார்கள். மறைக்காமல், எல்லோரும் தெரிந்து சம்மதித்து நடக்கிற ஏற்பாடு என்று அதற்கு இலக்கணம் வைக்கிறார்கள். நெல்லிக்கனியின் இலக்கணம் அதுதான், சிரிக்க ஒன்றுமில்லை. கேட்க வேண்டியது பரவையின் கேள்வி: அந்தச் சம்மதம் கொடுத்தவள் நாளை கதவை அடைத்தால் வீடு, வாடகை, குழந்தை எல்லாம் யாரிடம்? பணமும் வேலையும் உள்ளவர்கள் இதற்குப் பதில் சொல்லிக்கொள்ள முடியும். மற்றவர்களுக்குச் சம்மதம் என்பது வேறு வழியின்மைக்கு வைத்த நல்ல பெயராக முடியும்.

செஞ்சிப் பக்கத்தில் நெருக்கடி இதற்கு முந்தைய படியிலேயே இருக்கிறது. பலரைக் காதலிக்கிற உரிமை கிடக்கட்டும், ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் உயிர் தப்புமா என்பதுதான் இங்கே கேள்வி. பழைய தென்னாற்காட்டின் இன்னொரு மூலையில், விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில், 2003 ஜூலையில் சாதி மாறிப் பதிவுத் திருமணம் செய்த இளம் தம்பதிக்கு விஷம் கொடுத்து எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்க 2021 ஆனது. மேல்முறையீடெல்லாம் முடிந்தது 2025இல். விழுப்புரம் அருகே மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைவதை ஏற்காத தகராறில் 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலையே பூட்டிச் சீல் வைத்தார்கள். ஐந்து கணவரைப் பொறுத்துக்கொண்ட பக்தி, கும்பிட வந்த பக்கத்துத் தெருக்காரரைப் பொறுக்கவில்லை. சாதியைக் காப்பதே பெண்ணின் கற்புக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்றான பிறகு, காதலிக்கும் மகளுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்ற பாடம் உதவாது. அவள் அந்த ஒருவனைத்தான் கேட்கிறாள்.

சிறப்புத் திருமணச் சட்டம் 1954 என்று ஒன்று இருக்கிறது, மதம் சாதி எதுவும் கேட்காது. ஆனால் பதிவாளர் அலுவலகத்தில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஓடிவந்த ஜோடிக்கு முப்பது நாள் என்பது துரத்துகிறவர்களுக்கு விலாசம் எழுதிக் கொடுப்பது. அதனால் இங்கே பலர் நம்புவது அண்ணா ஆட்சியில் சட்டமான சுயமரியாதைத் திருமணத்தை. உறவினரோ நண்பரோ சிலர் முன்னிலையில் மாலை மாற்றினால், மோதிரம் போட்டால், தாலி கட்டினால் போதும், ஐயர் வேண்டாம். வழக்கறிஞர் அறைக்குள் ரகசியமாக நடப்பது செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஊரறிய அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, பயந்து நிற்கும் ஜோடிக்கு அது ஆபத்து என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இப்போது ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இரண்டு மாலையும் இரண்டு சிநேகிதர்களும் இருந்தால் செஞ்சிப் பெண் தான் நினைத்தவனைக் கட்டிக்கொள்ளலாம், பிடிக்காமல் போனால் நீதிமன்றம் போய்ப் பிரியலாம்.